இரத்த அணுக்களின் வரவு செலவு: நான்கு சனிக்கிழமை வகுப்பு பற்றிய மதிப்புரை

சென்ற மாதம் நான்கு சனிக்கிழமைகளில், காலை ஒன்பதரை முதல் பகல் ஒரு மணி வரை, இங்கே சிங்கப்பூரில் தனியார் கற்றல் நிலையம் ஒன்று நடத்திய குறும்பயிற்சிக்குச் சென்று வந்தேன். தொற்று ஏற்படும்போது இரத்த அணுக்களின் உற்பத்தியும் நோயெதிர்ப்பும் எப்படி மாறுகின்றன என்பதைக் கணித மாதிரிகளின் வழியே கற்பிப்பதுதான் அந்த வகுப்பு. கட்டணம் 480 வெள்ளி. சில குறைகளைப் பற்றி நிலையத்தாரிடம் இன்னும் பேசிக்கொண்டிருப்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதுபோன்ற வகுப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு, அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைச் சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

நான் பதினான்கு ஆண்டுகளாக மருத்துவமனை ஆய்வுக்கூடத்தின் இரத்தவியல் பிரிவில் வேலை செய்கிறேன். ஊதா மூடிக் குழாய்களில் வரும் இரத்தத்தைக் கருவியில் ஏற்றுவது, ஐயத்துக்குரியவற்றைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது, அறிக்கையைச் சரிபார்த்து அனுப்புவது ஆகியவை என் அன்றாடம். எண்களோடு இவ்வளவு காலம் பழகியும், சென்ற ஆண்டு என் மகனுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தபோது, இரத்தம் உறைய உதவும் பிளேட்லட் அணுக்களின் எண்ணிக்கை அவனுக்கு நாளுக்கு நாள் சரிந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. அந்த எண் ஏன் அந்த வேகத்தில் இறங்குகிறது, எப்போது ஏறும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் என்னை இந்த வகுப்புக்கு அழைத்துச் சென்றது.

வகுப்பில் பதினோரு பேர் இருந்தோம். பல்கலைக்கழக மாணவர்கள் ஐவர், தாதியர் இருவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், மற்றவர்கள் தரவுத் துறையினர். பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆயினும் பயிற்றுவித்த இளைஞர் தமிழர்; இடைவேளையில் எங்கள் நால்வரோடு தேநீர் அருந்தியபடி அதே பாடத்தைத் தமிழில் இன்னொரு முறை சொல்வார். உண்மையைச் சொன்னால், எனக்கு விளங்கியதில் பாதி அந்தப் பதினைந்து நிமிடங்களில்தான் விளங்கியது.

முதல் வாரம் சமன்பாடு எதையும் எழுதாமலேயே தொடங்கினார். வெண்பலகையில் ஒரு தொட்டியை வரைந்து, மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய் போட்டார். ஆய்வுக்கூட அறிக்கை காட்டுவது தொட்டியின் நீர்மட்டத்தை மட்டுமே. வரும் நீரையும் போகும் நீரையும் அது காட்டுவதில்லை என்றார். பிறகு எங்களையே கணக்குப் போடச் சொன்னார். ஒரு லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் கோடி சிவப்பணுக்கள்; உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம்; ஆக மொத்தம் 25 இலட்சம் கோடி. ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். மட்டம் மாறாமல் இருக்க வேண்டுமானால், மொத்தத்தை ஆயுளால் வகுத்தால் வரும் அளவுக்கு எலும்பு மஜ்ஜை நாள்தோறும் புதிதாக உற்பத்தி செய்தாக வேண்டும்: ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,800 கோடி, ஒரு விநாடிக்கு 24 இலட்சம். பள்ளிக்கூட வகுத்தல் கணக்குதான். ஆனால் அந்த எண் பலகையில் விழுந்தபோது அறை அமைதியானது. நுண்ணோக்கியில் நான் நாள்தோறும் காணும் அணுக்களின் பின்னால் இப்படியோர் ஓயாத உழைப்பு இருக்கிறது என்பது எனக்கு முதன்முதலாக உறைத்தது.

இதே கணக்கை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களுக்கும் போட்டோம். அவை இரத்தத்தில் தங்குவது சில மணி நேரமே. லிட்டருக்கு 400 கோடி என்று வைத்தால் ஐந்து லிட்டரில் 2,000 கோடி. இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டியிருப்பவை ஏறத்தாழ அதே அளவு. சராசரியாகப் பத்து மணி நேரம் தங்குகின்றன என்று கொண்டால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோஃபில்கள் புதிதாக வந்தாக வேண்டும். சிவப்பணுக்களோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லாத அணுக்கள், மஜ்ஜையின் உழைப்பில் இவ்வளவு பெரிய பங்கைக் கேட்கின்றன. புற்றுநோய் மருந்து மஜ்ஜையைத் தாக்கியதும் இவை முதலில் குறைவதற்கும் சிவப்பணுக்கள் மெல்லக் குறைவதற்கும் காரணம் இந்த ஒரு வகுத்தலிலேயே இருக்கிறது.

அன்று இடைவேளையில் என் மகனின் கதையைச் சொன்னேன். "அக்கா, அந்த ரிப்போர்ட் இருந்தா அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்களேன், அதையே போர்டில போட்டுப் பார்க்கலாம்" என்றார் பயிற்றுநர். மகனிடம் கேட்டுக்கொண்டு எடுத்துச் சென்றேன். காய்ச்சலின் மூன்றாம் நாள் 210, ஆறாம் நாள் 41. இங்குள்ள அறிக்கைகளில் லிட்டருக்கு நூறு கோடி என்பது அலகு. ஊரிலிருந்து தொலைபேசியில் விசாரித்த உறவினர்களுக்கு "2 இலட்சத்துப் பத்தாயிரத்திலிருந்து 41 ஆயிரம்" என்று மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

டெங்கிக் கிருமி எலும்பு மஜ்ஜையை அடக்குகிறது, அதனால் பிளேட்லட் குறைகிறது என்பது நான் நெடுநாளாக நம்பிய விளக்கம். அது போதுமா என்று சோதித்தோம். பிளேட்லட்டின் ஆயுள் எட்டு முதல் பத்து நாள். ஒன்பது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாளே மஜ்ஜை ஒரு பிளேட்லட்டைக்கூட வெளியிடாமல் அடியோடு நின்றுவிட்டது என்று மிக மோசமாகவே கொண்டால்கூட, முதுமையால் நாளொன்றுக்கு ஒன்பதில் ஒரு பங்குதான் குறையும். மூன்று நாளில் 70 போய் 140 மிஞ்ச வேண்டும். வயதைப் பாராமல் எல்லா அணுக்களும் ஒரே வாய்ப்பில் அழிகின்றன என்று வேறு விதமாகக் கணக்கிட்டாலும் 150 வருகிறது. என் மகனுக்கு இருந்ததோ 41. ஆகவே உற்பத்தி நின்றது மட்டும் காரணமாக இருக்கவே முடியாது. இருந்த பிளேட்லட்டுகளும் வழக்கத்தை விட வேகமாக அழிந்திருக்க வேண்டும். எவ்வளவு வேகமாக என்பதையும் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுக் கண்டோம்: அந்த மூன்று நாளில் ஒரு பிளேட்லட்டின் சராசரி ஆயுள் இரண்டு நாளுக்கும் குறைவு. உற்பத்தி சிறிதளவு நடந்திருந்தால் அதை விடவும் குறைவு.

மருத்துவ நூல்கள் இதைத்தான் சொல்கின்றன. கிருமிக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்களில் சில பிளேட்லட்டுகள் மீதும் படிகின்றன. கிருமியே பிளேட்லட்டைத் தூண்டி அழிவுக்குத் தள்ளுகிறது. இவற்றை நான் படித்திருக்கிறேன். ஆனால் இரண்டு எண்களையும் ஒரு ஆயுட்காலத்தையும் கொண்டு, ஒரு விளக்கம் போதாது என்று நானே கண்டுகொள்வது வேறோர் அனுபவம். கட்டணத்தில் பாதியை அந்த அரை மணி நேரத்துக்கே கொடுக்கலாம்.

அதே பலகையில் இன்னொன்றும் தெளிவானது. மகனுக்கு 41 என்று வந்த அன்று என் அம்மா, "ரத்தம் ஏத்தச் சொல்லு, இல்லைன்னா பப்பாளி இலைச் சாறாவது கொடு" என்று அழுதார். பிளேட்லட் ஏற்றத் தேவையில்லை என்று மருத்துவர்கள் சொன்னதை நான் அரை மனத்தோடுதான் ஏற்றேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2017இல் லான்செட் இதழில் வெளிவந்தது. எண்ணிக்கை 20 அல்லது அதற்குக் கீழே இறங்கியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லட் ஏற்றியது இரத்தக் கசிவைக் குறைக்கவில்லை, பக்கவிளைவுகள் ஏற்றப்பட்டவர்களிடமே கூடுதல் என்பது அதன் முடிவு. அடிக்குழாய் அகலத் திறந்திருக்கும் தொட்டியில் ஒரு வாளி நீரை ஊற்றினால் மட்டம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று பயிற்றுநர் கேட்டபோது, மருத்துவர்கள் அன்று பொறுமையாகச் சொல்ல முயன்றது எனக்குப் புரிந்தது.

இரண்டாம் வாரத்தின் மீதிப் பொழுது காலத்தாமதத்தைப் பற்றியது. இதுவே வகுப்பின் உயிர் என்பேன். பிளேட்லட் உற்பத்தியைத் தூண்டும் திராம்போபொயட்டின் என்னும் சுரப்பு பெரும்பாலும் கல்லீரலில் உருவாகிறது. அதைப் பிளேட்லட்டுகளே உறிஞ்சிக்கொள்கின்றன. பிளேட்லட் குறைந்தால் உறிஞ்ச ஆளில்லாமல் சுரப்பு மிஞ்சும். மிஞ்சியது மஜ்ஜையைத் தூண்டும். தனியாக ஓர் எண்ணும் கருவி இல்லாமலேயே உடல் கணக்கு வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு என்னை இன்னும் வியக்க வைக்கிறது. ஆனால் தூண்டுதல் கிடைத்த தாய் அணு முதிர்ந்து பிளேட்லட்டுகளை உதிர்க்க ஏறத்தாழ ஐந்து நாள் ஆகும். இன்று அறிக்கையில் தெரியும் ஏற்றம், ஐந்து நாளுக்கு முன் மஜ்ஜைக்குக் கிடைத்த செய்தியின் விளைவு. டெங்கியில் மஜ்ஜை அடங்குவது நோயின் தொடக்கத்தில்தான். எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொடும் வேளையில் மஜ்ஜை ஏற்கெனவே மீண்டு சுறுசுறுப்பாக இயங்கிக்கொண்டிருக்கும். என் மகனுக்கு எட்டாம் நாள் 67, பத்தாம் நாள் 150 என்று ஏறியதற்கான வேலை, நான் கண் கலங்கி நின்ற ஆறாம் நாளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

தாமதம் ஏன் அலைவை உண்டாக்குகிறது என்பதற்குப் பயிற்றுநர் சொன்ன எடுத்துக்காட்டு, நாங்கள் தேநீர் அருந்திய பரோட்டாக் கடையிலிருந்தே வந்தது. மாவு பிசைந்து பல மணி நேரம் ஊற வேண்டும். கூட்டம் வந்த பிறகு பிசைந்தால் அந்தக் கூட்டத்துக்கு அது உதவாது. ஊறி முடியும்போது கூட்டம் கலைந்து மாவு மிஞ்சும். மிஞ்சியதைப் பார்த்து மறுநாள் குறைத்துப் பிசைந்தால் மீண்டும் தட்டுப்பாடு வரும். கடைக்காரர் எவ்வளவு பதறிச் செயல்படுகிறாரோ அவ்வளவு பெரிதாக இந்த ஏற்ற இறக்கம் இருக்கும். கணிதத்தில் இதை ஓர் எளிய வரம்பாகச் சொல்லலாம்: திருத்தும் வேகத்தையும் தாமதத்தையும் பெருக்கினால் வரும் எண், மிக எளிய மாதிரியில், 1.57ஐத் தாண்டினால் அலைவு அடங்காமல் வளரும். மொன்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் மேக்கியும் லியோன் கிளாஸும் 1977இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இந்தக் கருத்தை இரத்த அணு உற்பத்திக்குப் பொருத்தியது. தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சீரான நிலை முதலில் ஒழுங்கான அலைவாகவும், பிறகு கணிக்கவே முடியாத குழப்பமாகவும் மாறுவதை அவர்கள் ஒரே ஒரு சமன்பாட்டில் காட்டினார்கள். நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஏறத்தாழ 21 நாளுக்கொரு முறை அடிமட்டத்துக்குச் சென்று திரும்பும் அரிய பிறவிக் குறைபாடு மனிதர்களிடம் உண்டு; சாம்பல் நிறக் கோலி இன நாய்களிலும் இதே போன்ற நோய் இன்னும் குறுகிய சுழற்சியில் வருவதுண்டு. நோயாளியின் அறிக்கைகள் ஒரு சமன்பாட்டின் வரைபடம் போலத் தோன்றும் நோய் இது.

வகுப்பில் நடந்த ஒரு தவறு எல்லோருக்கும் பாடமானது. ஓய்வுபெற்ற ஆசிரியர் தம் மடிக்கணினியில் நியூட்ரோஃபில் கணக்கை ஒரு தாவலுக்கு ஒரு நாள் என்ற படியில் ஓட்டினார். சராசரி பத்து மணி நேரம் தங்கும் அணுக்களின் இழப்பு வீதம் நாளுக்கு 2.4. இயல்பான எண்ணிக்கை 4. அதைத் தக்கவைக்கத் தேவைப்படும் வரவு 9.6. தொடக்கத்தில் 8 இருந்தால், ஒரு நாள் இழப்பு 19.2, எட்டோடு 9.6ஐக் கூட்டி 19.2ஐக் கழித்தால் விடை கழித்தல் 1.6. "என்ன தம்பி, எனக்கு வெள்ளையணு பூஜ்யத்துக்குக் கீழ போயிடுச்சே" என்று அவர் திகைத்தார். பயிற்றுநர் அதை உடனே பலகைக்குக் கொண்டுவந்து, உடல் மாற எடுக்கும் நேரத்தை விடக் கணக்கு தாவும் படி பெரியதாக இருந்தால் கணினி இல்லாததைக் காட்டும் என்று விளக்கினார். படியை அரை மணி நேரமாகக் குறைத்ததும் கோடு மென்மையாக 4க்கு இறங்கியது. தவறு செய்தவர் சிறிதும் கூசாத வகையில் அதை அவர் கையாண்டது, நல்ல ஆசிரியர் என்பதற்குச் சான்று.

மூன்றாம் வாரம் கிருமிக்கும் நோயெதிர்ப்புக்கும் உரியது. தொற்றக்கூடிய செல்கள், தொற்றிய செல்கள், கிருமிகள் என மூன்று தொட்டிகள், மூன்று சமன்பாடுகள். டேவிட் ஹோவும், லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுக்கூடத்தின் ஆலன் பெரல்சனும், சக ஆய்வாளர்களும் 1996இல் எச்ஐவி பற்றி வெளியிட்ட கணக்கு இங்கே முதன்மை எடுத்துக்காட்டு. மருந்து கொடுத்ததும் இரத்தத்தில் கிருமி குறையும் வேகத்தைக் கொண்டு, கிருமித் துகள்களின் அரை ஆயுள், அதாவது அவற்றில் பாதி அழிய ஆகும் நேரம், ஏறத்தாழ ஆறு மணி என்றும், நோயாளியின் உடலில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட துகள்கள் உருவாகின்றன என்றும் மதிப்பிட்டார்கள். பல ஆண்டுகள் அசையாமல் நின்ற மட்டத்தின் அடியில் அவ்வளவு பெரிய வரவும் செலவும் நடந்திருக்கின்றன. முதல் வாரத் தொட்டி இங்கே மீண்டும் வந்து நின்றபோது பாடத்திட்டத்தை வகுத்தவரின் கவனம் தெரிந்தது.

இப்போது குறைகள். மூன்றாம் வாரத்தின் இரண்டாம் பாதியில் நோயெதிர்ப்புப் பகுதி ஓட்டமாக ஓடியது. கிருமி குறைவதற்கு, தொற்றுவதற்குச் செல்கள் தீர்ந்துபோவது காரணமாக இருக்கலாம். நோயெதிர்ப்பு அணுக்கள் தொற்றிய செல்களைக் கொல்வதும் காரணமாக இருக்கலாம். கிருமி அளவை மட்டும் பார்த்தால் இரண்டு மாதிரிகளும் ஒரே கோட்டில் பொருந்திவிடும். டெங்கியில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் தணிந்து கிருமி குறையும் வேளையில்தான் வருகிறது என்பதால், இந்த வேறுபாடு ஏட்டுக் கேள்வி அல்ல. உடலின் சொந்த எதிர்வினை எவ்வளவு, கிருமியின் செயல் எவ்வளவு என்னும் மையக் கேள்வி. அதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்கியிருக்க வேண்டும். இருபது நிமிடம்தான் கிடைத்தது.

நான்காம் வாரம் என் மனத்தை வருத்தியது. "உண்மையான டெங்கி நோயாளிகளின் தரவுகளோடு மாதிரியைப் பொருத்துதல்" என்று விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். கொடுத்த கோப்பைத் திறந்ததும் எனக்கு ஐயம் எழுந்தது. பிளேட்லட் எண்கள் அவ்வளவு வழவழப்பாக இறங்கி ஏறுவதை நான் எந்த நோயாளியிடமும் கண்டதில்லை. நேராகக் கேட்டேன். கணினியில் உருவாக்கிய தரவுதான் என்று பயிற்றுநர் ஒப்புக்கொண்டார்; விளம்பரத் தாள் தம்மிடம் காட்டப்படாமலேயே அச்சிடப்பட்டது என்றும் சொன்னார். கற்பிக்கச் செயற்கைத் தரவு நல்லதே. நோயாளிகளின் தகவலைக் காப்பது கடமை என்பதை என்னை விட யாரும் கூடுதலாக வலியுறுத்த மாட்டார்கள். ஆனால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2020இல் மட்டும் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்த ஊரில், அந்தச் சொல்லைப் போட்டு ஆள் சேர்ப்பவர்களுக்குப் பொறுப்பு உண்டு.

அளவீட்டுப் பிழையைப் பற்றியும் வகுப்பு வாய் திறக்கவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவள் என்பதால் இது எனக்குப் பெரிய குறை. குழாயில் உள்ள ஈடிடிஏ என்னும் உறைவுத்தடுப்பான் சிலருடைய பிளேட்லட்டுகளைக் கட்டி கட்டியாகச் சேர்த்துவிடும். கருவி கட்டியை எண்ணாது. 200 இருப்பவருக்கு 60 என்று அறிக்கை வரும். அதனால்தான் நாங்கள் தகட்டில் பூசிப் பார்க்கிறோம். அத்தகைய ஒரு புள்ளி தரவில் இருந்தால் மாதிரி அதையும் உண்மை என்று நம்பி, அழிவு வீதத்தை ஏற்றிக் காட்டும். பொருத்தும் மென்பொருள், அழிவு வீதம் போன்ற ஒவ்வொரு அளவுருவுக்கும் மூன்று தசம இடம் வரை எண் கொடுத்தது. அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று யாரும் சொல்லவில்லை. தொடக்கத்தில் எத்தனை செல்கள் இருந்தன, தொற்றிய ஒவ்வொரு செல்லும் எத்தனை கிருமியை வெளியிடுகிறது என்ற இரண்டையும் கிருமி அளவிலிருந்து தனித்தனியாகக் காணவே முடியாது. அவற்றின் பெருக்கற்பலன் மட்டுமே கிடைக்கும். இதை ஓய்வுபெற்ற ஆசிரியர்தான் கையால் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, வகுப்பு முடிந்த பின் எனக்குக் காட்டினார். பாடத்திலேயே இருந்திருக்க வேண்டிய செய்தி.

சிறு குறைகளும் உண்டு. மூன்றாம் வாரக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தில் மைக்ரோலிட்டரும் அடுத்த பக்கத்தில் லிட்டரும் கலந்திருந்ததால் அரை மணி நேரம் வீணானது. அறைக் குளிர் தாங்காது. மேலாடை எடுத்துச் செல்லுங்கள்.

கணிதம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று பலர் கேட்பார்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு உயர்நிலைப் பள்ளிக் கணிதமே போதும். மூன்றாம் வாரத்துக்குத் தொடக்கக் கல்லூரி அளவு வகைநுண்கணிதம் நினைவில் இருந்தால் நல்லது. எனக்கு மறந்துபோயிருந்ததால் ஒவ்வொரு வெள்ளி இரவும் மகனிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். மடிக்கணினி கட்டாயம். தாதியர், ஆய்வுக்கூடத்தார், மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் ஆகியோருக்கு முதல் இரண்டு வாரங்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மாதிரியைத் தரவோடு பொருத்தும் திறனைத் தேடிப் போகிறவர்கள், இப்போதுள்ள வடிவில், ஏமாற்றமடைவார்கள்.

ஐந்து விண்மீன்களில் மூன்றரை கொடுத்திருக்கிறேன். விளம்பரத் தாளைத் திருத்த வேண்டும், அளவீட்டுப் பிழைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்று நிலையத்துக்கு எழுதினேன். முதலாவதைச் செய்துவிட்டதாகப் பதில் வந்தது. இரண்டாவதற்கு, அடுத்த தொகுப்பில் கட்டியாகச் சேர்ந்த பிளேட்லட்டின் தகட்டுப் படங்களோடு வந்து அந்த ஒரு மணி நேரத்தை நானே எடுக்க முடியுமா என்று பயிற்றுநர் கேட்டிருக்கிறார். படங்களைப் பயன்படுத்த மேலதிகாரியிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.